இன்னும் ஒரு கால் சுற்று

அவையோருக்கு வணக்கம். பழுது பார்த்தலைப் பற்றிப் பேச என்னை அழைத்தவர்கள் எங்கள் வீட்டுக் குழாயைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் மேடையில் அல்ல, சாட்சிக் கூண்டில் ஏற்றியிருப்பார்கள்.

சொட்டிக்கொண்டிருந்த குழாய் அது. பழையதைக் கழற்றிப் புதியதை மாட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றித் திருகினேன். குழாயின் வாய் ஒழுங்காகக் கீழே பார்த்தது; ஆனால் ஓரத்தில் நீர் கசிந்தது. கால் சுற்று முறுக்கினேன். கசிவு நின்றது, வாய் பக்கத்துச் சுவரைப் பார்த்தது. கீழே திருப்பினேன், மறுபடி கசிந்தது. ஒருமுறை இறுக்கிப் பின்னால் திருப்பினால் அந்த டேப் சரியாக அடைக்காது என்பது பிறகுதான் தெரிந்தது. சரி, முன்னோக்கியே போவோம் என்று ஸ்பேனரைப் பிடித்துத் தொங்கினேன். இப்போது குழாய் வானத்தைப் பார்க்கிறது. ஒரு சொட்டுக் கசிவில்லை. முகம் கழுவக் குனிய வேண்டியதில்லை என்று வீட்டில் சமாதானம் சொல்லிவருகிறேன்.

பொருளை உடைப்பவனைக் கண்டால் கோபம் வருகிறது. அதை ஒட்டுபவனைக் கண்டால் ஏன் சிரிப்பு வருகிறது? அவன் நாக்கைத் துருத்திக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டுகிறான். அந்தச் சிரத்தையைப் பார்த்துவிட்டு ஒட்டிய பொருளைப் பாருங்கள். சிரிக்காமல் இருக்க முடியாது.

ஸ்பெயினில் போர்ஹா என்று ஒரு சிற்றூர். அங்குள்ள தேவாலயச் சுவரில் முள்முடி சூடிய இயேசுவை 1930 வாக்கில் எலியாஸ் கார்சியா மார்ட்டினெஸ் என்ற ஓவியர் தீட்டியிருந்தார். வண்ணம் உதிரத் தொடங்கியது. எண்பது வயதைக் கடந்த செசிலியா ஹிமேனெஸ் என்ற பக்தைக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை; தூரிகையை எடுத்தார். 2012 ஆகஸ்ட்டில் அந்த முகம் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. அவர் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது: வேலை இன்னும் முடியவில்லையாம், பாதியில் விட்டுவிட்டு ஊருக்குப் போயிருந்தாராம். திரும்பிவந்து முடித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நான் பல இரவுகள் யோசித்திருக்கிறேன்.

ஓவியத்தின் பெயர் ‘எக்சே ஹோமோ’. லத்தீனில் ‘இதோ, மனிதன்’ என்று பொருள். கேலிக்காரர்கள் அதை ‘எக்சே மோனோ’ ஆக்கினார்கள். ஸ்பானிய மொழியில் மோனோ என்றால் குரங்கு. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதையை நாம் எத்தனையோ காலமாகச் சொல்லிவருகிறோம். அதை எழுத்துப் பிசகாமல் நடத்திக் காட்டியது போர்ஹா. அந்தக் குரங்கைக் காணப் பல்லாயிரம் பேர் வந்தார்கள். நுழைவுக் கட்டணம்கூட வைத்தார்கள். பழைய ஓவியம் இருந்த காலத்தில் அந்த ஊரை யார் தேடிப் போனார்கள்?

எல்லா ஒட்டு வேலைக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. 2014இல் கெய்ரோ அருங்காட்சியகத்தில் பண்டைய எகிப்திய மன்னன் துட்டன்காமுனின் தங்க முகமூடியிலிருந்து தாடி கழன்று வந்தது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பொருள். ஊழியர்கள் எபாக்சி என்ற, இறுகினால் எளிதில் பெயராத பசையை அப்பி ஒட்டிவிட்டார்கள். பிதுங்கி வழிந்த பசையைச் சுரண்டியபோது தங்கத்தில் கீறலும் விழுந்தது. மறு ஆண்டு ஜெர்மானிய நிபுணர்கள் வந்து, மரக்கருவிகளால் பசையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்து, தாடியை மீண்டும் பொருத்தினார்கள். எதை வைத்து? தேன்மெழுகை வைத்து. நாளைக்கு வேண்டுமானால் எடுத்துவிடலாம் அல்லவா? கைதேர்ந்தவர் தம் வேலையும் ஒருநாள் கழற்றப்படும் என்று எண்ணி ஒட்டுகிறார். நம்மைப் போன்றவர்கள் பிரளயம் வந்தாலும் பிரியக்கூடாது என்று ஒட்டுகிறோம்.

படித்தவர்களும் தப்பவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏதென்ஸின் பழங்காலக் கோயிலான பார்த்தினனைச் செப்பனிட்ட பொறியாளர் பலானோஸ், பளிங்குக் கற்களை இரும்புப் பட்டைகளால் பிணைத்தார். பழைய கிரேக்கர்களும் இரும்பையே பயன்படுத்தினார்கள். ஆனால் அதைச் சுற்றி ஈயம் ஊற்றியிருந்தார்கள். இவர் அதை விட்டுவிட்டார். இரும்பு துருப்பிடித்துப் பருத்தது. தாங்க வேண்டிய பளிங்கையே பிளந்தது.

எங்கள் வீட்டில் குழாய்க்காரரை அழைக்கலாம் என்கிறார்கள். வானம் பார்க்கும் வாயைக் கீழே கொண்டுவர இன்னும் அரைச் சுற்றுதான் தேவை. வெள்ளை டேப்பும் பாதிச் சுருள் மிச்சம் இருக்கிறது.