சொதி இறங்கும் வரை காத்திருப்போம்

நேயர்களுக்கு வணக்கம். ஆகஸ்ட் விடுமுறையில் மட்டக்களப்பிலிருந்து பொத்துவிலுக்கும் அறுகம்பைக்கும் வான் பிடித்துப் புறப்படும் குடும்பங்கள், காலையிலேயே சோற்றுப் பார்சல்களைக் கட்டிக்கொண்டு, ஓடும் வாகனத்தில் மடியில் வைத்தே பகலுணவை முடித்துவிடுவதைப் பல காலமாகக் கண்டு வருகிறேன். நூறு கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான அந்த வீதியில் கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று வழிநெடுகச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. கச்சான் காற்று அனலாக வீசும் நண்பகலில் ஒன்றரை மணித்தியாலம் ஒரு கடையில் ஆறுதலாக அமர்ந்து உண்பதால் பயணம் கெட்டுவிடாது என்பதே என் வாதம்.

பார்சலின் குறை சமைத்தவரின் குறையன்று. சூடான சோற்றைத் தாளில் சுற்றினால் ஆவி வெளியேற வழியின்றி உள்ளேயே நீராகிறது, அப்பளம் துவண்டுவிடுகிறது, சுறா வறையும் மீன்குழம்பும் ஒன்றோடொன்று கலந்து ஒரே சுவையாகிவிடுகின்றன. தேங்காய்ப்பாலில் வைக்கும் சொதியோ பொலித்தீன் பையில் முடிச்சிடப்பட்டுத் தனியாக வருகிறது. அந்த முடிச்சை ஓடும் வானில் அவிழ்த்தவர்களுக்கு நான் மேலும் விளக்கத் தேவையில்லை.

சொதியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல அனுமதியுங்கள். வீட்டில் இதற்காக என்னைக் கேலி செய்வார்கள். வெங்காயமும் பச்சைமிளகாயும் வெந்தயமும் கறிவேப்பிலையும் இரண்டாம் பாலில் அவிந்த பின், மஞ்சள் சேர்த்து முதற்பாலை விட்டு, அது கொதித்தெழும் முன்பே கரண்டியால் கலக்கிக் கலக்கி இறக்கி, சூடு தணிந்த பிறகே தேசிக்காய்ப் புளி விட வேண்டும். கொதிக்க விட்டால் பால் திரைந்துவிடும். ஆறிய சொதியை மீண்டும் சூடாக்கினாலும் அதே கதிதான். ஆகவே, “இன்னும் பத்து நிமிசம், சொதி அடுப்பில இருக்கு” என்று கடைக்காரர் சொன்னால் சலித்துக்கொள்ளாதீர்கள். மீண்டும் சொல்கிறேன், சொதிக்காகக் காத்திருங்கள்.

காத்திருக்கும் நேரத்தில், இன்றைக்கு என்ன மீன் என்று கேட்டுப் பாருங்கள். பிரான்சில் பிஸ்ட்ரோ எனப்படும் சிறிய உணவகங்களில் அன்றைய சமையலைக் கரும்பலகையில் எழுதி வைக்கும் வழக்கம் உண்டு. நம் கடைகளில் அதை வாயாலேயே சொல்லிவிடுவார்கள். பாரை இருக்கிறது, கணவாய் இருக்கிறது, இறால் சற்றுப் பிந்தும் என்ற அந்தப் பதிலிலேயே காலையில் கரைக்கு வந்தது என்ன என்பது தெரிந்துவிடும். ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறி ஆறுதலாக உண்ணும் பிரெஞ்சு விருந்து முறையை யுனெஸ்கோ 2010ஆம் ஆண்டில் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. முதலில் குழம்பு, பிறகு சொதி, கடைசியில் தயிர் என்ற நமது ஒழுங்கும் அதற்குக் குறைந்ததன்று. மடியில் விரித்த பார்சலில்தான் அந்த ஒழுங்கு குலைந்துபோகிறது.

தயிருக்கென்று தனியாக ஒரு பகுதி எழுதி வந்திருந்தேன். ஆனால் நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். மண்சட்டி நீரை உறிஞ்சுவதால் எருமைத் தயிர் இறுகும் விதத்தையெல்லாம் இப்போது விளக்க முடியாது. கடைக்குள் நுழைந்ததுமே தயிர் இருக்கிறதா என்று கேட்டு, ஆளுக்கொரு கோப்பை எடுத்து வைக்கச் சொல்லிவிடுங்கள். பிந்தி வருபவர்களுக்குப் பெரும்பாலும் வெறும் சட்டிதான் கிடைக்கும். வணக்கம்.