பாதி வழியில் விதி மாறும்போது

(2026 ஜனவரி 31, சனிக்கிழமை மாலை கிழக்கு லண்டனில் பேசியதன் எழுத்து வடிவம்; விதிகளும் கட்டணங்களும் அன்றைய நிலவரம்)

எல்லோருக்கும் வணக்கம். வெளியே மழை, உள்ளே ஹீட்டர் வேலை செய்யவில்லை. அப்படியும் பின்வரிசையில் நிற்கும் அளவுக்குக் கூட்டம். ஐஎல்ஆர், அதாவது பிரிட்டனில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி, என்ற மூன்றெழுத்துக்கு இருக்கும் சக்தி அது.

போன வாரம் ஒரு தம்பி போனில் கேட்டான்: "அண்ணா, பெட்டிஷன்ல கையெழுத்துப் போட்டாச்சு. இனி என்ன?" அவனுக்கு அன்றைக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இன்றைய பேச்சு அவனுக்கான பதில் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், உங்களில் பாதிப் பேருக்கு இது மனப்பாடம். 2025 மே 12 அன்று குடியேற்றம் பற்றி பிரிட்டன் அரசின் வெள்ளை அறிக்கை வந்தது. நிரந்தரக் குடியிருப்புக்கு ஐந்து வருடம் என்பது பத்து வருடமாகும் என்றார்கள். நவம்பர் 20 அன்று உள்துறை அமைச்சர் ஷபானா மஹ்மூத் விவரங்களை வெளியிட்டார். பத்து வருடம் என்பது தொடக்கக் கோடு மட்டும்தான், அங்கிருந்து கூட்டலும் கழித்தலும். வருடத்துக்கு 1,25,140 பவுண்டுக்கு மேல் வருமானம் இருந்தால் ஏழு வருடம் குறையும். 50,270-ஐத் தாண்டினால் ஐந்து வருடம் குறையும். அரசின் உதவித்தொகை வாங்கியிருந்தால் ஏறும். கேர் ஹோம் வேலை போன்ற, பட்டப்படிப்பு தேவைப்படாத வேலைகளில் இருப்பவர்களுக்குப் பதினைந்து வருடம். அகதிகளுக்கு இருபது. ஏற்கனவே ஐஎல்ஆர் வாங்கியவர்களைத் தொடமாட்டார்கள். ஆனால் நாலு வருடம் பதினோரு மாதம் முடித்துவிட்டு நிற்பவரைத் தொடலாம். இதைப் பற்றி அரசு மக்களிடம் நடத்தும் கருத்துக் கேட்பு பிப்ரவரி 12 வரை. இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.

சரி, ஐந்து வருடத்தை மாற்றாதீர்கள் என்று கேட்ட பெட்டிஷனுக்கு வருவோம். நாடாளுமன்றத் தளத்தில் பத்தாயிரம் கையெழுத்து சேர்ந்தால் அரசு எழுத்தில் பதில் தரும். ஒரு லட்சம் சேர்ந்தால் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று யோசிப்பார்கள். நம் ஆட்கள் லட்சத்தைத் தாண்டினார்கள். 2025 செப்டம்பர் 8 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலில் விவாதமும் நடந்தது. எம்.பி.க்கள் நன்றாகவே பேசினார்கள். ஆனால் அந்த விவாதத்தின் முடிவில் அரசைக் கட்டுப்படுத்தும் ஓட்டு எதுவும் கிடையாது. பேசுவார்கள், அமைச்சர் பதில் சொல்வார், கலைவார்கள்.

அன்றைக்கு இரண்டு பெட்டிஷன்களைச் சேர்த்து விவாதித்தார்கள். ஒன்று ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில், அதாவது ஒரு முதலாளியின் ஸ்பான்சரில் வேலைக்கு வந்து, இருப்பவர்களுடையது. மற்றது ஹாங்காங்கிலிருந்து பிஎன்ஓ (பிரிட்டிஷ் நேஷனல் ஓவர்சீஸ்) என்ற தனி விசாவில் வந்தவர்களுடையது. நவம்பரில் பார்த்தால் ஹாங்காங்காரர்களுக்கு ஐந்து வருடம் அப்படியே இருக்கிறது. நமக்குப் பத்து. அந்த விசா 2021 ஜனவரி 31 அன்று திறந்தது, இன்றோடு சரியாக ஐந்து வருடம். அவர்களுக்கு மட்டும் எப்படி? பெட்டிஷனால் மட்டும் நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். சீனா விஷயம், காலனி காலத்துக் கடன், எல்லாம் கலந்திருக்கிறது. ஆனாலும் அவர்கள் கையில் ஒன்று இருந்தது: "நீங்கள் இன்ன தேதியில் இன்ன வாக்குக் கொடுத்தீர்கள்." நம் பக்கத்து வாசகமோ பெரும்பாலும் "நாங்கள் கடுமையாக உழைக்கிறோம், வரி கட்டுகிறோம்" என்பதுதான். உண்மை. ஆனால் அதற்கு அவர்கள் சொல்லும் பதில் தயாராக இருக்கிறது: "மிக்க நன்றி, இன்னும் ஐந்து வருடம் உழையுங்கள்."

இங்கே ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். இளையவர்களுக்குத் தெரியாது.

2002-இல் எச்எஸ்எம்பி (ஹைலி ஸ்கில்டு மைக்ரன்ட் ப்ரோகிராம்) என்று ஒரு திட்டம் வந்தது. படிப்பு, அனுபவம், சம்பளம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டு, தேறியவரை வேலைக் கடிதம் கூட இல்லாமல் உள்ளே விட்டார்கள். இந்தியாவிலிருந்து ஏராளமானோர் வந்தார்கள். விண்ணப்பத்தோடு, இனி பிரிட்டன்தான் என் முக்கிய வீடு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தார்கள். ஊரில் வீட்டை விற்றார்கள், வேலையை விட்டார்கள். அப்போது ஐஎல்ஆருக்கு நாலு வருடம். 2006 ஏப்ரல் 3 அன்று அதை ஐந்தாக்கினார்கள். அதே நவம்பரில் மதிப்பெண் கணக்கையும் மாற்றி, ஏற்கனவே உள்ளே இருப்பவர்களும் விசாவை நீட்டிக்கப் புதுக் கணக்கில் தேற வேண்டும் என்றார்கள். பலர் தேறவில்லை.

அவர்கள் ஒன்றுசேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2008 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் சொன்னது: உள்ளே வந்தவர்களுக்குப் புது மதிப்பெண் கணக்கு செல்லாது. மறு வருடம் இன்னொரு தீர்ப்பு, ஐந்து வருட விதியும் அவர்களுக்குச் செல்லாது, நாலுதான் என்று. எதை வைத்து ஜெயித்தார்கள் தெரியுமா? அரசே வெளியிட்ட வழிகாட்டிக் குறிப்பில் ஒரு வரி. திட்டத்தில் மாற்றம் வந்தாலும், ஏற்கனவே வந்தவர்கள் நாலு வருடம் முடித்து நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்று அதில் அச்சாகியிருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் அந்தத் தாளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்திருக்கிறான். (நம் வீடுகளில் பழைய மின்சார பில்லைக் கூடப் பத்திரப்படுத்தும் அப்பாக்களை இனிமேல் கிண்டல் செய்யாதீர்கள்.)

இதைக் கேட்டதும் சிலர் முகம் மலர்கிறது. கொஞ்சம் பொறுங்கள். அதே 2006 ஏப்ரலில் இன்னொரு மாற்றம் வந்தது, வெளிநாட்டு டாக்டர்கள் பற்றியது. அந்தக் காலத்தில் இதே ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டில் எட்டு, பத்து டாக்டர்கள் தங்கி, வெளிநாட்டு டாக்டர்கள் இங்கே வேலை செய்ய எழுதும் பிளாப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்ததை உங்களில் மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். நைஜீரியாவிலிருந்து வந்த ஒரு டாக்டர் அந்த ஜனவரியில், அன்றிருந்த விதிப்படி சரியாக விண்ணப்பித்தார். முடிவு வருவதற்குள் விதி மாறிவிட்டது. புது விதிப்படி நிராகரித்தார்கள். வழக்கு பிரபுக்கள் சபை வரை போய், 2009-இல் அவர் தோற்றார். விண்ணப்பித்த நாளின் விதி பொருந்தாது, முடிவெடுக்கும் நாளின் விதிதான் பொருந்தும் என்றார்கள்.

ஒருவர் பின்னால் அச்சடித்த வாக்கு இருந்தது, இன்னொருவர் பின்னால் நம்பிக்கை மட்டும் இருந்தது. இன்றைய ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுக்கு எச்எஸ்எம்பி குறிப்பைப் போல அவ்வளவு பச்சையாக எழுதிய வரி எதையும் நான் பார்த்ததில்லை. அதனால் "கோர்ட்டுக்குப் போனால் ஜெயித்துவிடலாம்" என்று உங்களிடம் பணம் கேட்பவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். ஜெயிக்கலாம், தோற்கவும் செய்யலாம்.

இன்னொரு சங்கதி. குடியேற்ற விதிகளை மாற்ற, சாதாரணச் சட்டம் போல மூன்று வாசிப்பு, ஓட்டு எதுவும் தேவையில்லை. 1971-ஆம் வருடச் சட்டப்படி, மாற்றங்களின் அறிக்கையை நாடாளுமன்றத்தில் வைத்தால் போதும். நாற்பது நாளுக்குள் ஏதாவது ஒரு சபை வேண்டாம் என்று தீர்மானித்தால்தான் அரசு திரும்பவும் யோசிக்க வேண்டும். பெரும்பான்மை உள்ள அரசுக்கு அப்படி ஒரு தொந்தரவு வருவது அபூர்வம். ஆகவே நம் குரல் சட்டபூர்வமாக உள்ளே நுழையும் பெரிய கதவு இந்தக் கருத்துக் கேட்புதான்.

"அதெல்லாம் கண்துடைப்பு, முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்க" என்று ஒரு குரல் எப்போதும் எழும். எழட்டும். ஆனால் கண்துடைப்பாக நடத்தக் கூடாது என்பதற்கு இங்கே விதி இருக்கிறது, அதுவும் நம் வெம்பிளி இருக்கும் ப்ரெண்ட் கவுன்சில் மேல் போட்ட வழக்கில் பிறந்தது. 1985-இல் பள்ளிகளை மூடுவது, இணைப்பது சம்பந்தமாகப் பெற்றோர்கள் போட்ட வழக்கு. அதில் பிறந்த விதி இது: முடிவு உறுதியாகும் முன்பே கேட்க வேண்டும். ஆட்கள் யோசித்துப் பதில் சொல்லும் அளவுக்குக் காரணங்களைத் தர வேண்டும். போதிய அவகாசம் தர வேண்டும். வந்த பதில்களை மனசாட்சியோடு பரிசீலிக்க வேண்டும். 2014-இல் உச்ச நீதிமன்றமும் இதை ஏற்றுக்கொண்டது. பிள்ளைகளின் பள்ளிக்காகச் சண்டை போட்ட பெற்றோர்கள் வாங்கித் தந்த ஆயுதம் இது. ஆனால் ஒன்று, பரிசீலிக்கவில்லை என்று நாளைக்குக் குற்றம் சொல்ல வேண்டுமானால், இன்றைக்குப் பரிசீலிக்கும்படியாக ஒன்றைக் கொடுத்திருக்க வேண்டும்.

அப்படியானால் என்ன எழுதுவது? வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்த மாதிரிப் பதிலை நானும் படித்தேன். நல்ல ஆங்கிலம். ஆயிரம் பேர் அதையே ஒட்டினால், படிப்பவர் அதை ஒரே பதிலாகத்தான் பார்ப்பார். உங்கள் தேதிகளை எழுதுங்கள், உங்கள் கணக்கைப் போடுங்கள்.

கணக்கு என்றால் இப்படி. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். ஐடி வேலை விசா. விசாவோடு கட்டும் சுகாதாரக் கட்டணம் பெரியவருக்கு வருடம் 1,035 பவுண்டு, பதினெட்டு வயதுக்குக் கீழே 776. நாலு பேருக்கும் சேர்த்து வருடம் 3,622. ஐந்து வருடம் கூடினால் 18,110 பவுண்டு, பிள்ளைகள் அதற்குள் பதினெட்டைத் தாண்டினால் இன்னும் கூடும். இதில் விசாக் கட்டணம் சேரவில்லை, கடைசியில் ஆளுக்கு 3,029 பவுண்டு ஐஎல்ஆர் கட்டணமும் சேரவில்லை. நர்ஸ், கேர் வேலை விசாக்காரர்களுக்குச் சுகாதாரக் கட்டணம் கிடையாது, அவர்கள் கணக்கு வேறு. அவர்களுக்குப் பணத்தைவிட ஸ்பான்சர்தான் பிரச்சினை. பதினைந்து வருடம் ஒரு முதலாளியின் கையெழுத்தில் தொங்கும்போது, ஓவர்டைம் தரவில்லை என்று யார் வாயைத் திறப்பார்?

அப்புறம் பிள்ளைகள். 2022-இல் பத்து வயதில் வந்த ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய விதிப்படி 2027-இல் குடும்பத்துக்கு ஐஎல்ஆர், 2030-இல் கல்லூரிக்குப் போகும்போது உள்ளூர்க் கட்டணம். பத்து வருடமானால் 2032. பதினெட்டு வயதில் கல்லூரி வாசலில் நிற்கும்போது அவள் வெளிநாட்டு மாணவி. எட்டு வருடம் இங்கே படித்து, தமிழைவிட ஆங்கிலம் சரளமாகப் பேசும் வெளிநாட்டு மாணவி! இதைப் பெற்றோர் சொல்வதைவிட அந்தப் பெண்ணே எழுதினால் நன்றாக இருக்கும்.

வீட்டில் இருக்கும் அம்மாக்களையும் மறக்க வேண்டாம். மூன்று முதல் ஐந்து வருடமாவது 12,570 பவுண்டுக்கு மேல் சம்பாதித்திருக்க வேண்டும் என்பது யோசனையில் இருக்கிறது. கைக்குழந்தைக்காக வேலையை விட்டவர் என்ன செய்வார்? அந்தக் கேள்வியை அவர் தன் வாயால் கேட்க வேண்டும். கணவர்மார்களே, தயவுசெய்து அவருடைய பதிலையும் நீங்களே நிரப்பிவிடாதீர்கள்.

எழுதினால் அசைவார்களா? கொஞ்சம் அசைவார்கள். 2023 டிசம்பர் 4 அன்று, வெளிநாட்டுத் துணையை அழைத்துவர 38,700 பவுண்டு சம்பளம் வேண்டும் என்று அறிவித்தார்கள். அதுவரை 18,600 இருந்தது. பாதிக்கப்பட்டவர்களில் பலர் பிரிட்டிஷ்காரர்கள். கல்யாணத் தேதி, சம்பளச் சீட்டு, கர்ப்பம் எத்தனை மாதம் என்பது வரை எம்.பி.க்களுக்கு எழுதினார்கள். டிசம்பர் 21-ஆம் தேதியே முதல் படி 29,000 என்று இறங்கி வந்தார்கள். இன்றும் அங்கேயே நிற்கிறது. முழு வெற்றி இல்லை, தெரியும். 29,000-மும் நிறையப் பேருக்கு எட்டாத உயரம்தான்.

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். நம் கூட்டங்களில் ஒரு வாக்கியம் அடிக்கடி கேட்கிறது: "நாங்க படகுல வரலை, முறையா வந்தோம், எங்களை ஏன் அவங்களோட சேர்க்கறீங்க?" கடல் தாண்டிப் படகில் வந்து அடைக்கலம் கேட்பவர்களைச் சொல்கிறார்கள். போன மாதம் ஒரு கூட்டத்தில் ஒருவர் இப்படிப் பேசி உட்கார்ந்ததும், மூலையிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்து ஐயா எழுந்தார். "தம்பி, இதையெல்லாம் நாங்கள் எண்பத்தைஞ்சிலேயே பாத்திட்டம்" என்றார். அரங்கம் அமைதியாகிவிட்டது.

அவர் சொன்னது இது. 1983 ஜூலைக்குப் பிறகு தமிழர்கள் இங்கே வரத் தொடங்கினார்கள். 1985 மே மாதம் பிரிட்டன் இலங்கைக் குடிமக்களுக்கு விசா கட்டாயமாக்கியது. காமன்வெல்த் நாடுகளிலேயே முதல் முறை. 1987 பிப்ரவரியில், திருப்பி அனுப்ப விமானத்தில் ஏற்றப்போகிறார்கள் என்றபோது, ஹீத்ரோ விமான நிலையத்தில் தமிழர்கள் உள்ளாடையோடு நின்று மறுத்தார்கள். படம் பத்திரிகைகளில் வந்தது. அந்த மே மாதத்துக்குள் ஒரு சட்டம் வந்துவிட்டது: சரியான தாள் இல்லாத பயணியை ஏற்றி வரும் விமான நிறுவனத்துக்குத் தலைக்கு 1,000 பவுண்டு அபராதம். இன்று சென்னை விமான நிலையத்தில் செக்-இன் கவுன்டர் பெண் உங்கள் விசாவை அவ்வளவு நேரம் புரட்டிப் பார்ப்பதில் அந்தச் சட்டத்தின் பங்கும் உண்டு. படகுக்காரனுக்கு என்று நினைத்துப் போடும் விதி முறையாக வருபவனின் பயணப் பையிலும் வந்து உட்காரும்.

அரசு சொல்லும் காரணத்தையும் மறைக்க வேண்டியதில்லை. 2026-க்கும் 2030-க்கும் இடையில் 16 லட்சம் பேர் நிரந்தரக் குடியிருப்புப் பெறுவார்கள், 2028-இல் மட்டும் 4.5 லட்சம் என்று அவர்களின் கணிப்பு. வீடு, பள்ளி, ஆஸ்பத்திரி மேல் அழுத்தம் என்கிறார்கள். புதிதாக வருபவர்களுக்கு விதியை மாற்ற ஒரு நாட்டுக்கு உரிமை இல்லை என்று நான் வாதாடமாட்டேன், வருகிறவன் தெரிந்துகொண்டு வரலாம். ஆனால் அந்த 16 லட்சம் பேரில் பெரும்பாலோர் அரசே கதவைத் திறந்து, வாருங்கள் என்று கூப்பிட்டு உட்கார வைத்தவர்கள். பந்தியில் பாதிச் சாப்பாட்டில் இலையை எடுப்பதை எந்த ஊரிலும் நியாயம் என்று சொல்லமாட்டார்கள்.

அந்தக் கேள்வி கருத்துக் கேட்புப் படிவத்திலேயே இருக்கிறது. ஏற்கனவே இங்கே இருப்பவர்களுக்கு இடைக்கால ஏற்பாடு வேண்டுமா என்று கேட்கிறார்கள். நேரம் இல்லாதவர்கள் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அதற்காவது ஒழுங்காகப் பதில் எழுதுங்கள். வந்த தேதி, அன்றைய விதி, அதை நம்பி என்ன செய்தீர்கள், மாறினால் என்ன இழப்பீர்கள். ஒரு பக்கம் போதும்.

பின்னால் மேசையில் மூன்று லேப்டாப் வைத்திருக்கிறோம். யூனிவர்சிட்டிப் பிள்ளைகள் நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். தமிழில் சொன்னால் ஆங்கிலத்தில் எழுதித் தருவார்கள், ஆனால் சொல்வது நீங்களாக இருக்க வேண்டும். கேர் வேலைக்கு நைட் ஷிஃப்ட் போக வேண்டியவர்கள் முதலில் வாருங்கள், மற்றவர்கள் டீ குடித்துவிட்டு வரலாம்.