பிக்கப் இல்லாத வண்டி
(கோத்தகிரியில் பிளஸ் டூ மாணவர்களிடம் பேசியது)

பிள்ளைகளே, மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறும்போது, 'வண்டிக்குப் பிக்கப்பே இல்லை' என்று டிரைவர் அலுத்துக்கொள்வார். கேரட் மூட்டையோடு கீழே மண்டிக்கு இறங்குகிற வண்டிக்கும் பிக்கப் என்றுதான் பெயர். இத்தனை பழகிய 'பிக் அப்' இங்கிலீஷ் கேள்வித்தாளில் வந்தால் மட்டும் முழிக்கிறோம். நானும் முழித்தவன்தான்.

படிப்பு முடிந்ததும் ஒரு டீ எஸ்டேட் ஆபீஸில் கிளார்க்காகச் சேர்ந்தேன். மழை ஓய்ந்து வெயில் அடித்த ஒரு வாரம், மேல் டிவிஷனிலிருந்து சீட்டு வந்தது: 'கிராப் ஹேஸ் பிக்ட் அப்.' கிராப் என்றால் விளைச்சல், பிக் என்றால் பறிப்பது. சரி, கொழுந்து பறித்து முடித்துவிட்டார்கள் என்று சும்மா இருந்துவிட்டேன். சீட்டு அனுப்பியவர் எழுதியதோ, கொழுந்து வரத்து கூடிவிட்டது, இன்னொரு லாரி வேண்டும் என்ற அர்த்தத்தில். சாயங்காலம்வரை சாக்கில் அடைந்து கிடந்த இலை சூடேறிச் சிவந்துபோயிற்று. வாங்கிய திட்டை மேடையில் சொல்ல முடியாது.

அந்த வாக்கியத்தில் 'எதை' என்ற கேள்விக்குப் பதில் இல்லை. அதை நான் பார்க்கவில்லை. காற்றோ வியாபாரமோ தானாக பிக் அப் ஆனால், மந்தமாக இருந்தது கூடுகிறது என்று பொருள். மே மாதத்து ஊட்டி வியாபாரம் மாதிரி.

'எதை'க்குப் பதில் இருந்தால் அந்தப் பதில்தான் பொருளைச் சொல்லும். விழுந்த பேனாவை என்றால் எடுப்பது. பள்ளி வாசலில் நிற்கும் தம்பியை என்றால் கூட்டிவருவது. காய்ச்சலை என்றால் ஒட்டவைத்துக்கொள்வது. நம் மலையில் படுகர்கள் பேசும் படுகு மொழியை என்றால், யாரும் பாடம் நடத்தாமல் பேசிப் பழகியே கற்பது. ரேடியோ அலையை? ஊட்டி பக்கத்தில் இருக்கும் முத்தோரைக்குப் போய்ப் பாருங்கள். 530 மீட்டர் நீளமுள்ள தொலைநோக்கி 1970 முதல் மலைச்சரிவில் படுத்துக்கொண்டு, விண்வெளியிலிருந்து வரும் மெல்லிய அலைகளை பிக் அப் செய்கிறது. அந்த இடத்தின் அட்சரேகையும் சரிவின் சாய்வும் ஏறக்குறைய ஒன்று, 11 டிகிரி. அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே அச்சில் திருப்பினாலே ஒரு விண்பொருளை மணிக்கணக்கில் தொடரலாம். இடம் தேடியவர்களுக்கு நம் மலை தோதாக வாய்த்தது!

இங்கிலீஷ்காரனுக்குக் கிறுக்கு என்று சிரிக்காதீர்கள். நமக்குப் பசி எடுக்கிறது, தீபாவளிக்குத் துணி எடுக்கிறோம், வாத்தியார் பாடம் எடுக்கிறார். தமிழ் கற்க வந்த வெள்ளைக்காரன் என்ன பாடுபட்டிருப்பான்!

அப்புறம் ஒன்று, பரீட்சைக்கு. 'எதை'க்குப் பதில் இட், ஹிம், ஹெர் என்று வந்தால் அது நடுவில் உட்கார வேண்டும்: பிக் இட் அப். 'பிக் அப் இட்' என்று எழுதினால் மார்க் போச்சு.