நீல வானம் ஒழுகுகிறது

நேயர்களே, வணக்கம்.

மதுரை யானைமலை அடிவாரத்தில் நரசிங்கம் எங்கள் ஊர். சித்திரை, வைகாசியில் மாலை நாலு மணிக்கு மேல் மேற்கே கருத்துக்கொண்டு வரும். முதல் இடி கேட்டதும் அப்பத்தா எங்களை வாசலிலிருந்து உள்ளே இழுத்துப்போட்டு, "அர்ச்சுனா, அர்ச்சுனான்னு சொல்லுங்கடா" என்பார். மேலே சேர்ந்த மின்சாரம் பூமியில் கொட்டித் தீருகிறது, அதுதான் மின்னல் என்று அப்போது நினைத்திருந்தேன். கல்லூரியில் இயற்பியல் நடத்த ஆரம்பித்து வெகுநாள் கழித்துத்தான் கதை நேர் தலைகீழ் என்று புரிந்தது. மின்சாரம் ஒழுகுவது இடி இல்லாத நாளில். இடிக்கிற நாளில் நடப்பது தொட்டி நிரப்பும் வேலை.

நல்ல வெயில் நேரத்தில் தமுக்கம் மைதானத்தின் நடுவே நில்லுங்கள். மேகம் ஒன்றுகூட இல்லை. அப்போதும் அங்கே ஒரு மின்புலம் இருக்கிறது. தரையிலிருந்து ஒரு மீட்டர் மேலே போனால் ஏறக்குறைய 100 வோல்ட் கூடுகிறது. அப்படியென்றால் காலுக்கும் தலைக்கும் நடுவில் 150 வோல்டுக்கு மேல் இருக்க வேண்டுமே, ஏன் ஷாக் அடிக்கவில்லை? வகுப்பில் வருடம் தவறாமல் வரும் கேள்வி இது. காற்றோடு ஒப்பிட்டால் நம் உடம்பு நல்ல மின்கடத்தி. அதனால் தரைக்கு என்ன மின்னழுத்தமோ அதுவேதான் நம் தலைக்கும். நாம் நிற்கும் இடத்தில் மின்புலம் தன்னை வளைத்துக்கொண்டு தலைக்கு மேலே போய்விடுகிறது.

தெளிந்த வானத்திலும் மின்சாரம் உண்டு என்பதை 1752-லேயே பிரான்சில் லெமோனியே என்ற விஞ்ஞானி கண்டுவிட்டார். காரணம் நம் காலடியில் இருக்கிறது. பூமியின் மேற்பரப்பு முழுவதும் எதிர் மின்னூட்டம் பூசியிருக்கிறது, மொத்தம் சுமார் 5 லட்சம் கூலோம் (மின்னூட்டத்தை அளக்கும் அலகு). பரப்பிப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு, அதாவது நம் சுண்டுவிரல் நகம் அளவு இடத்துக்கு, ஆறு லட்சம் எலக்ட்ரான் போல உபரி. இதற்கு ஈடான நேர் மின்னூட்டம் காற்றில் மிதக்கிறது, அதிலும் பெரும்பகுதி தரையை ஒட்டிய சில கிலோமீட்டருக்குள்ளேயே. ஆக, மண்ணை மட்டும் எடுத்தால் பூமி எதிர். காற்றையும் சேர்த்துக் கட்டினால் கணக்கு ஏறக்குறைய பூஜ்யம்.

சரி, அப்புறம் ஏன் ஒழுக்கு? காற்று முழுமையான காப்பு இல்லை. நம் பாறையிலும் மண்ணிலும் இருந்து கசியும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவும், 1912-ல் விக்டர் ஹெஸ் பலூனில் ஏறிக் கண்டுபிடித்த, விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிரும், காற்றில் ஓயாமல் அயனிகளை, அதாவது மின்னூட்டம் ஏறிய துகள்களை, உண்டாக்குகின்றன. அவை வழியே ஒரு சதுர மீட்டருக்கு ஒரு ஆம்பியரில் லட்சம் கோடியில் இரண்டு பங்கு மின்னோட்டம் இறங்குகிறது. உலகம் முழுவதும் சேர்த்தால் 1,000 ஆம்பியர். இந்த வேகத்தில் 5 லட்சம் கூலோமும் எட்டு, ஒன்பது நிமிடத்தில் காலியாகிவிட வேண்டும். பெரியார் நிலையத்தில் பஸ் ஏறினால் மாட்டுத்தாவணி போய்ச் சேர்வதற்குள் பூமியில் மின்னூட்டம் இருக்கக் கூடாது!

காலியாகவில்லை. தொட்டியைத் திரும்ப நிரப்ப மோட்டார் போடுவது இடிமேகங்கள்தான் என்று 1920 வாக்கில் சி. டி. ஆர். வில்சன் என்ற இயற்பியலாளர் சொன்னார். மேகத்தின் உச்சியில் நேர், அடியில் எதிர். உச்சியில் இருப்பது மேல் வளிமண்டலத்துக்குப் போகிறது. அடியில் இருப்பதைப் பெரும்பாலான மின்னல்கள் தரைக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றன. மின்னல் மட்டுமல்ல, மேகத்துக்கு அடியில் நிற்கும் பனையோலை முனையும் புல் நுனியும்கூட சத்தமில்லாமல் இதே வேலையைப் பார்க்கின்றன. அவற்றின் பங்கை நாம் பேசுவதே இல்லை. பளிச்சென்று தெரிகிறவனுக்குத்தானே பேர்.

மேலே அயனிகள் நிறைந்த, மின்சாரம் நன்றாகக் கடத்தும் காற்றடுக்கான அயனி மண்டலத்துக்கும் தரைக்கும் இடையே சுமார் இரண்டரை லட்சம் வோல்ட். 1,000 ஆம்பியரால் பெருக்கினால் 250 மெகாவாட். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் 210 மெகாவாட் யூனிட் ஒன்றைவிடச் சற்று அதிகம். உடனே, "பிடித்துக் கரண்டாக்கலாமே ஐயா" என்பார்கள். இது உலகம் முழுவதற்குமான மொத்தம். மதுரை மாநகராட்சியின் 148 சதுர கிலோமீட்டரையும் மூடி வலை விரித்து, தரையிலிருந்து அயனி மண்டலம் வரை ஒன்று விடாமல் பிடித்தாலும் ஒரே ஒரு சீலிங் ஃபேன் ஓடும். அதற்கு ரெகுலேட்டர் தேவைப்படாது.

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். கார்னகி என்றொரு கப்பல், இரும்பை முடிந்தவரை தவிர்த்துக் கட்டியது. கடல் கடலாகப் போய் இந்த மின்புலத்தை அளந்தது. 1929-ல் சமோவாவின் ஆப்பியா துறைமுகத்தில் வெடித்து எரிந்துபோனது. அது விட்டுப்போன அளவுகளில் ஒரு விசித்திரம். எந்தக் கடலானாலும் மின்புலம் ஏறுவதும் இறங்குவதும் ஒரே நேரத்தில். உள்ளூர்க் கடிகாரத்துக்கு அங்கே மதிப்பே இல்லை. நம் கணக்கில் காலை ஒன்பது மணி வாக்கில் குறைவு, நள்ளிரவு பன்னிரண்டரை வாக்கில் உச்சம். அந்த நேரத்தில் அமெரிக்கக் கண்டங்களில் பிற்பகல், இடிமழை வலுக்கும் பொழுது. திருநெல்வேலி அருகே இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகத்திலும் இந்த மின்னோட்டத்தை அளந்திருக்கிறார்கள். நகரத்துக்குள் புகையும் தூசியும் அளவைக் குழப்பிவிடும், ஊருக்கு வெளியேதான் சரிப்படும்.

இன்று இரவு பன்னிரண்டரைக்கு விழித்திருந்தால் மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அமேசான் காட்டின் மேல் எங்கோ இடிக்கும், இங்கே வைகைக்கு மேலே வோல்ட் ஏறியிருக்கும். அப்பத்தா இருந்திருந்தால் அந்த இடிக்கும் அர்ச்சுனனைக் கூப்பிட்டிருப்பார்.

வணக்கம்.