சமையலறைக்கென்று தனி லைன்

நேயர்களுக்கு வணக்கம்.

காலை நேரம். இண்டக்ஷன் அடுப்பில் பால், பக்கத்தில் கெட்டிலில் வெந்நீர், ரைஸ் குக்கரில் சாதம், மிக்சியில் சட்னி. திடீரென்று சமையலறையில் மட்டும் கரண்ட் போய்விடுகிறது. பல வீடுகளில் இது வாடிக்கை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அடுப்பு 2000 வாட், கெட்டில் 1500, ரைஸ் குக்கர் 700, மிக்சி 750. மொத்தம் 4950 வாட். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். வகுத்தால் இருபத்தொன்றரை ஆம்பியர். இத்தனையும் 16 ஆம்பியர் எம்.சி.பி. (அளவுக்கு மேல் கரண்ட் போனால் தானே அணைந்துவிடும் ஸ்விட்ச்) உள்ள ஒரே லைனில் இருந்தால், அது விழத்தான், அதாவது ட்ரிப் ஆகத்தான் செய்யும். விழுவதுதான் அதன் வேலை.

இந்த இடத்தில்தான் பெரிய தவறு நடக்கிறது. "அடிக்கடி ட்ரிப் ஆகுதுங்க" என்று சொன்னதும், அந்த 16-ஐக் கழற்றிவிட்டு 32 போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். பத்து நிமிட வேலை. அதன்பிறகு ட்ரிப்பே ஆவதில்லை, எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் சுவருக்குள் ஓடுவது அதே பழைய வயர். எம்.சி.பி. காப்பது வயரைத்தான், மிக்சியை அல்ல, மனிதரை அல்ல. 32 ஆம்பியர் எம்.சி.பி. 36 ஆம்பியர் போனாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விழாமல் நிற்கும். பைப்புக்குள் கிடக்கும் இரண்டரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர் அந்தச் சூட்டைத் தாங்காது. மேலுறை கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, வெடித்து, ஒருநாள் உள்ளேயே ஷார்ட் ஆகும். திரும்பவும் சொல்கிறேன்: வயரை மாற்றாமல் எம்.சி.பி.யைப் பெரிதாக்காதீர்கள். ட்ரிப் ஆனால் லோடைப் பிரிக்க வேண்டும்.

எப்படிப் பிரிப்பது? லைட், ஃபேனுக்கு 1.5 ஸ்கொயர் வயரில் ஒரு லைன். அதிலிருந்து பவர் பாயிண்டுக்கு லூப், அதாவது கிளை இணைப்பு எடுக்கவே கூடாது. 16 ஆம்பியர் பவர் பாயிண்டுகளுக்கு 2.5 ஸ்கொயர் செம்பு வயர், 16 ஆம்பியர் எம்.சி.பி.; ஒரு லைனில் இரண்டு பாயிண்டுக்கு மேல் வேண்டாம். இண்டக்ஷனுக்கு ஒன்று, மைக்ரோவேவ் அல்லது ஓவனுக்கு ஒன்று, மேடையில் மிக்சி, கிரைண்டருக்கு ஒன்று. ஃபிரிட்ஜையும் தனியாக விட்டால், மற்றது ட்ரிப் ஆகும்போது பாலும் மாவும் கெடாது. 3500 வாட் இரட்டை இண்டக்ஷன் வைப்பதாக இருந்தால் 4 ஸ்கொயர், 20 ஆம்பியர். ஒவ்வொரு லைனுக்கும், எம்.சி.பி.கள் இருக்கும் டி.பி. பாக்ஸிலிருந்தே தனி நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பும் வயர் வர வேண்டும். கரண்ட் வரும் பேஸ் வயரைப் பிரித்துவிட்டு நியூட்ரலை ஒன்றாகவே விட்டால், எல்லா லோடும் அந்த ஒற்றை வயரில்தான் திரும்பும்.

அடுத்து, எம்.சி.பி. கண்டுபிடிக்கவே முடியாத ஒன்று: லூஸ் கனெக்ஷன். சாக்கெட்டின் பின்னால் ஸ்க்ரூ சரியாக முடுக்காமல், அந்த இடத்தில் 0.1 ஓம் தடை இருப்பதாக வையுங்கள். 2 ஆம்பியர் போனால் அரை வாட்கூட இல்லை, தெரியவே தெரியாது. அதே இடத்தில் இண்டக்ஷனின் 8.7 ஆம்பியர் போனால் ஏழரை வாட் சூடு, ஒரு நகக்கண் அளவு இடத்தில். லைனில் ஓடும் ஆம்பியர் கூடவில்லை, அதனால் எம்.சி.பி. அசையாது. முதலில் பிளக் முள் ஒரு பக்கம் கறுக்கும், சாக்கெட் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பேறும், பிளாஸ்டிக் வாடை வரும். அப்போதே மாற்றிவிடுங்கள். பெரிய பிளக்கைச் சின்ன சாக்கெட்டில் செருக விற்கிறார்களே கன்வெர்ட்டர், அதை இண்டக்ஷனுக்கும் கெட்டிலுக்கும் தொடவே வேண்டாம். சூடாகும் இணைப்பை அது இன்னும் ஒன்று கூட்டுகிறது.

ஷாக்கிலிருந்து ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச். வீடுகளுக்கு அது விழும் கசிவு அளவு 30 மில்லி ஆம்பியருக்கு மேல் போகக் கூடாது. 16 ஆம்பியர் எம்.சி.பி. என்பது பதினாறாயிரம் மில்லி ஆம்பியர். உயிருக்கு அது எங்கே காவல்? இன்வெர்ட்டர் நியூட்ரலை மெயின் நியூட்ரலோடு கலந்து விட்டிருந்தால் ஆர்.சி.சி.பி. சும்மா சும்மா விழும். அதற்காக அதைக் கழற்றி நேரடியாக இணைக்காதீர்கள். கலந்த நியூட்ரலைப் பிரிக்கச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். விழவில்லை என்றால் மாற்ற வேண்டும்.

நேரம் நெருங்கிவிட்டது. எர்த் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், சுருக்கமாக இரண்டு. எவர்சில்வர் உடம்புள்ள கிரைண்டரை ஈரத் தரையில் நின்று தொடுகிறோம். அதன் பிளக்கில் எர்த்துக்கென்று உள்ள பெரிய முள்ளை உடைத்து இரண்டு முள்ளாக்காதீர்கள். சிங்க் குழாய்க்கு நேர் மேலேயும் அடுப்புக்குப் பின்னாலும் பாயிண்ட் வைக்க வேண்டாம். வேலையை உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனிடமே கொடுங்கள். நன்றி, வணக்கம்.