வெளியே வராத காற்று: நுரையீரல் அடைப்பு நோய்கள் பற்றி நர்சிங் மாணவர்களுக்கு

வணக்கம்.

நெஞ்சக வார்டில் டியூட்டி பார்க்கையில் நீங்கள் அடிக்கடி கேட்கப்போவது, "சிஸ்டர், மூச்சே உள்ள போக மாட்டேங்கு" என்பதைத்தான். ஆலங்குளத்து ஆச்சியும் சொல்வார், பேட்டைத் தாத்தாவும் சொல்வார். அவர்கள் படுகிற பாடு உண்மை. ஆனால் சி.ஓ.பி.டி. (புகை, தூசியால் வரும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்), ஆஸ்துமா இரண்டிலும் முதல் கோளாறு காற்று வெளியே வருவதில்தான். போன மூச்சு முழுசாக வெளியேறுமுன் அடுத்ததை இழுக்க வேண்டியிருக்கிறது. பழைய காற்று தங்கித் தங்கி நுரையீரல் உப்பி நிற்கும்போது புதுக் காற்றுக்கு இடம் ஏது? நோயாளியை உட்காரவைக்கும் விதம் முதல் அவருக்கான மருந்து வரை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

மூச்சை இழுக்கும்போது நெஞ்சோடு சேர்ந்து மூச்சுக்குழல்களும் விரிகின்றன, விடும்போது சுருங்குகின்றன. வீங்கிச் சளி அடைத்த குழல் விடும் மூச்சில் இன்னும் நெருங்கிப்போகும். வீசிங் என்கிற விசில் சத்தம் முதலில் விடும் மூச்சில் கேட்பது இதனால்தான். குழலின் ஆரம் பாதியானால் காற்றுக்கான தடை 16 மடங்காகும் என்பதை மனதில் வையுங்கள். கொஞ்சம் சளி, கொஞ்சம் வீக்கம் என்று அலட்சியமாக இருக்க முடியாது. சி.ஓ.பி.டி.யின் ஒரு வகையான எம்ஃபைசிமாவில் காற்றறைச் சுவர்கள் அழிந்துபோவதால், சிறு குழல்களைச் சுற்றிலும் இழுத்துப் பிடித்துத் திறந்து வைத்திருந்த நார்களும் போய்விடுகின்றன. விடும் மூச்சில் குழல் அப்படியே மடங்கிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 12 மூச்சு என்றால் ஒரு மூச்சுக்கு 5 விநாடி. இழுக்க ஒன்றரை விநாடி போனாலும் விடுவதற்கு மூன்றரை மிச்சம். 30 மூச்சு என்றால் ஒன்றுக்கு 2 விநாடிதான், விடுவதற்கு ஒரு விநாடிக்குச் சற்று மேல் கிடைக்கும். அடைத்த நுரையீரல் காலியாக அது போதவே போதாது. வேகம் கூடக் கூடக் காற்று அடைபடும், அடைபட அடைபட வேகம் கூடும். அதனால்தான் ரெஸ்பிரேட்டரி ரேட்டை, அதாவது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பதை, முழு நிமிடம் எண்ணச் சொல்கிறோம். பார்க்காமலே எல்லோருக்கும் 20 என்று சார்ட்டில் எழுதுவதைவிட, எழுதாமல் விடுவது மேல்.

மூச்சு முட்டும்போது படுக்கவைக்காதீர்கள். நிமிர்ந்து உட்காரவைத்து, முன்னால் மேசையில் தலையணை போட்டு, இரண்டு முழங்கைகளையும் அதில் ஊன்றச் சொல்லுங்கள். தோள்பட்டைக்குப் பிடிமானம் கிடைத்தால் கழுத்து, நெஞ்சுத் தசைகள் மூச்சுக்கு உதவும். பிறகு மூக்கால் 2 விநாடி இழுத்து, உதட்டைக் குவித்து 4 விநாடி விடப் பழக்குங்கள். "ஆச்சி, காப்பி சூடா இருந்தா எப்படி ஊதுவிய? அப்படி மெதுவா ஊதுங்க" என்றால் உடனே பிடித்துக்கொள்வார்கள். குவிந்த உதடு குழலுக்குள் சிறு அழுத்தத்தை நிறுத்தி வைக்கிறது, குழல் மடங்காது, காற்று வெளியே வரும். காசு செலவில்லாத இந்த வைத்தியத்தை நம் வார்டுகளில் போதுமான அளவு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை என்பது என் வருத்தம்.

ஹிஸ்டரி எடுக்கும்போது "பீடி, சிகரெட் உண்டா?" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். புகையே பிடிக்காத பெண்களுக்கும் சி.ஓ.பி.டி. வருகிறது. வீட்டில் என்ன அடுப்பு, விறகா சாணி வறட்டியா, எத்தனை வருஷம், புகைபோக்கி இருந்ததா என்று கேளுங்கள். உடன்குடிப் பக்கம் பதனீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுத்தவர், செங்கல் சூளையில் நின்றவர், ரைஸ் மில்லில் தவிட்டுத் தூசியில் வேலை பார்த்தவர், கல் குவாரிக்குப் போனவர், முக்கூடல் பக்கம் வீட்டில் புகையிலைத் தூளோடு பீடி சுற்றியவர் எல்லோரும் உங்களிடம் வருவார்கள். முன்பு டி.பி. வந்து குணமானவரா என்றும் கேளுங்கள், அந்தத் தழும்பே பிற்காலத்தில் அடைப்பு நோயாக மாறலாம். இருமல் இரண்டு வாரம் தாண்டினால், பழைய இளைப்புக்காரராக இருந்தாலும் சளிப் பரிசோதனை வேண்டும்.

நோயை உறுதி செய்வது ஸ்பைரோமெட்ரி என்கிற ஊதிப் பார்க்கும் பரிசோதனை. குழலை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும், முதல் விநாடியில் ஊதும் அளவு மொத்தமாக ஊதும் அளவில் 0.70-க்குக் கீழே இருந்தால் அடைப்பு இருக்கிறது. ஆஸ்துமாவில் இந்த அடைப்பு பெருமளவு மாறக்கூடியது. மருந்துக்குப் பின் முதல் விநாடி அளவு 12 சதவீதமும் 200 மி.லி.யும் கூடினால் அந்தப் பக்கம் சந்தேகம் வலுக்கும். இருவருக்கும் இன்ஹேலர்தான் முதுகெலும்பு. பாதிப் பேர் கையில் அது வீணாவதைத் தடுக்க வேண்டியது உங்கள் வேலை.

பம்ப் வகை இன்ஹேலரை முதலில் நன்றாகக் குலுக்க வேண்டும். மூச்சை முழுக்க வெளியே விட்டு, உதட்டால் இறுகக் கவ்வி, மெதுவாக இழுக்கத் தொடங்கிய அதே கணத்தில் ஒரு அழுத்து. தொடர்ந்து 4, 5 விநாடி இழுத்து 10 விநாடி நிறுத்த வேண்டும். அடுத்த பஃபுக்கு அரை நிமிடமாவது இடைவெளி. இரண்டு பஃபைச் சேர்த்து அடிப்பது, வேகமாக உறிஞ்சுவது, அழுத்திய பிறகு இழுப்பது மூன்றும் மருந்தைத் தொண்டையிலேயே ஒட்டவைக்கும். கை நடுங்கும் முதியவருக்கு ஸ்பேசர் (பம்ப்பின் முன்னால் மாட்டும் பிளாஸ்டிக் குடுவை) கொடுங்கள்: ஒரு பஃப், பிறகு சாதாரணமாக ஐந்தாறு மூச்சு. ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் தானாக உலர விட வேண்டும். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி மருந்தைப் பிடித்துக்கொள்ளும். பொடி மருந்துள்ள கேப்ஸ்யூலான ரோட்டாகேப் இதற்கு நேர் எதிர், வேகமாகவும் ஆழமாகவும் உறிஞ்ச வேண்டும். கருவிக்குள் ஊதினால் ஈரம் பட்டுப் பொடி கட்டியாகிவிடும். உறிஞ்சிய பிறகு திறந்து பாருங்கள், பொடி மிச்சமிருந்தால் இன்னொரு முறை. கேப்ஸ்யூலைத் தண்ணீர் விட்டு விழுங்குகிறவர்களும் இருக்கிறார்கள். "போட்டியளா?" என்று கேட்டால் "போட்டேன்" என்றுதான் பதில் வரும். "போட்டுக் காட்டுங்க" என்று சொன்னால்தான் தெரியும். ஸ்டீராய்டு இன்ஹேலருக்குப் பின் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளைப் பூஞ்சை படரும்.

மருந்தை நுண்துளிப் புகையாக்கும் நெபுலைசருக்கு மருந்தோடு நார்மல் சலைன் (உப்புக் கரைசல்) சேர்த்து 4 மி.லி. அளவுக்குக் கொண்டுவாருங்கள். வெறும் தண்ணீர் சேர்த்தால் குழல் சுருங்கும். குழலை விரிக்கும் இப்ராட்ரோப்பியம் மருந்து மாஸ்க் வழியாகக் கண்ணில் படக் கூடாது, கிளகோமா (கண் அழுத்த நோய்) உள்ளவருக்கு வாயில் கவ்வும் குழாயே நல்லது.

இனி ஆக்சிஜன். சி.ஓ.பி.டி. நோயாளிக்குச் சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) இலக்கு 88 முதல் 92 சதவீதம் வரை. அதை 99 ஆக்கிவிட்டுத் திருப்தியாக உட்காருவது ஆபத்து. ஆக்சிஜன் மிகுந்தால் நுரையீரலின் கெட்ட பகுதிகளுக்கும் ரத்தம் திரும்பிப் பாய்கிறது. ஹீமோகுளோபின் பிடித்துவைத்திருந்த கார்பன் டை ஆக்சைடையும் கைவிடுகிறது, மூச்சு உந்துதலும் சற்றுக் குறைகிறது. மூன்றும் சேர்ந்து ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறுகிறது. ஆக்சிஜனை அளந்து தரும் வென்சூரி மாஸ்க்கில் பொதுவாக நீல வால்வு நிமிடத்துக்கு 2 லிட்டருக்கு 24 சதவீதம், வெள்ளை வால்வு 4 லிட்டருக்கு 28 சதவீதம். ஆனாலும் நிறத்தை நம்பாமல் வால்வில் அச்சிட்ட எண்ணைப் படியுங்கள். நெபுலைசரை ஆக்சிஜனில்தான் ஓட்ட வேண்டிய நிலை என்றால் 6 நிமிடத்தில் நிறுத்திவிட்டுப் பழைய மாஸ்க்குக்கு மாற்றுங்கள். அதே நேரம், ஆக்சிஜனுக்குப் பயந்து 80-இல் விட்டுவிடுவதும் கொலைக்குச் சமம்.

ராத்திரி மூன்று மணிக்கு, அதுவரை இரைத்துக்கொண்டிருந்தவரைப் பற்றி, "இப்பதான் நிம்மதியா தூங்குதாவ" என்று கூட இருப்பவர் சொன்னால் எழுந்து போய் எழுப்பிப் பாருங்கள். கை வெதுவெதுப்பாக, நாடி துள்ளலாக, நீட்டிய கை மடங்கி மடங்கி அடித்து, கூப்பிட்டால் குழறினால், அது தூக்கமில்லை, கார்பன் டை ஆக்சைடு ஏறிய மயக்கம். டாக்டரைக் கூப்பிட்டு ஏ.பி.ஜி.க்கு (தமனி ரத்தத்தில் வாயுக்களை அளக்கும் பரிசோதனை) தயார் செய்யுங்கள். பி.எச். (ரத்தத்தின் அமிலத் தன்மை அளவு) 7.35-க்குக் கீழும் கார்பன் டை ஆக்சைடு 45 மி.மீ. பாதரசத்துக்கு மேலும் இருந்தால் பைபாப் (மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்றுத் தரும் கருவி) பற்றி யோசிப்பார்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கார்பன் டை ஆக்சைடைக் காட்டவே காட்டாது. ஆஸ்துமா நோயாளியிடமும் இதே எச்சரிக்கை: ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாதவருக்கு வீசிங் சத்தம் திடீரென அடங்கி ஆளும் சோர்ந்துபோனால், குணமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். சத்தம் எழுப்பக்கூடக் காற்று நகரவில்லை என்று பொருள்.

வீட்டுக்கு ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கருவி) எழுதிக் கொடுத்தால், ஒரு நாளைக்குக் குறைந்தது 15 மணி நேரம் போட வேண்டும் என்பதைக் குடும்பத்தாருக்கும் சொல்லுங்கள். மூச்சு முட்டும்போது மட்டும் பத்து நிமிடம் போட்டு எடுத்தால் பலனில்லை. அந்த அறையில் பீடி, சாமி விளக்கு, கற்பூரம், சாம்பிராணி, கொசுவத்தி எதுவும் கூடாது. மூக்குக்குழாய் உரசுகிறது என்று வாசலின் தடவுவார்கள், எண்ணெய்ப்பசை ஆக்சிஜனோடு சேர்ந்தால் எளிதில் தீப்பிடிக்கும். தண்ணீர் கலந்த ஜெல்லையே தடவச் சொல்லுங்கள்.