சம்பள நாளும் சினிமா டிக்கெட்டும்

வணக்கம் நேயர்களே.

சினிமாவும் சமுதாயமும் என்று தலைப்புக் கொடுத்தால் எல்லாரும் படத்தின் கதையைப் பேசுவார்கள். நான் காசைப் பேசப்போகிறேன். படத்துக்கு யார் பணம் கட்டினார்கள், எப்போது கட்டினார்கள் என்று பார்த்தாலே, மலேசியத் தமிழன் கைக்குச் சம்பளம் எப்படி வந்தது என்பது தெரிந்துவிடும்.

முதலில் ரப்பர் தோட்டம். திடலில் இரண்டு கம்பம், நடுவே வெள்ளைத் துணி, சற்றுத் தள்ளி ஜெனரேட்டர், ஒரே ஒரு 16 மில்லிமீட்டர் புரொஜெக்டர். நொடிக்கு 24 பிம்பம் என்ற கணக்கில் 1,600 அடி ரீல் சுமார் 44 நிமிடம் ஓடும். இரண்டே முக்கால் மணி நேரப் படத்துக்கு நான்கு ரீல் வேண்டும். மெஷின் ஒன்றுதான் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் படம் நிற்கும். கச்சான் பூத்தே என்ற கடலை விற்பவருக்கு அதுதான் வியாபார நேரம். ஊர் ஊராகச் சுற்றிவந்த பிரதியில் ஓரத்துத் துளைகள் கிழிந்திருக்கும். பல்சக்கரம் பிடிக்காமல் வழுக்கினால், லென்சுக்கு மேலும் கீழும் தளர்வாக விட்டிருக்கும் பிலிம் வளையம் காணாமல் போய்ப் படம் துள்ளும். உடனே நிறுத்தி வளையத்தைத் திரும்பப் போடாவிட்டால் கிழிசல் நீண்டுகொண்டே போகும். அடுத்த தோட்டத்துக்குப் படம் அரைகுறையாகத்தான் போய்ச் சேரும்.

இந்தத் திடல் படங்களுக்குப் பல இடங்களில் டிக்கெட் இல்லை. அதை நிர்வாகத்தின் தாராளம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. கித்தா எனும் ரப்பர் மரத்தில் விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏறினால் வரத்து குறையும். இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, வந்தாக வேண்டும். பட்டணத்துக்குப் போய் இரண்டாம் ஆட்டம் பார்த்தவர் எப்படி வருவார்? தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்குப் பக்கத்திலேயே படம் போட்டுவிட்டால் ஆளும் தோட்டத்திலேயே இருப்பார்.

பிறகு தோட்டத் துண்டாடல் வந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் நிலத்தைத் துண்டு துண்டாக விற்க, தொழிலாளிகள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். அதைத் தடுக்கத்தான் 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு 100 வெள்ளி (ரிங்கிட்). மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். நாள் கூலிக்காரனைப் பங்குதாரர் ஆக்கிய திட்டம் அது. ஆனாலும் கித்தா போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்தபோது ஆள் தேவையே சுருங்கிவிட்டது. பால்மரத்தில் ஒருவர் நாளுக்கு 500 மரம் போல வெட்டவேண்டும், அதுவும் ஒவ்வொரு மரத்தையும் ஒருநாள் விட்டு ஒருநாள். செம்பனையில் ஒரு மரத்துக்குத் திரும்பக் குலை வெட்டப் போக 10 முதல் 14 நாள் ஆகும். அதே நிலத்துக்கு அத்தனை குடும்பம் எதற்கு?

பினாங்கில் 1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரம் திறந்ததும் தோட்டத்துப் பெண்பிள்ளைகள் ஷிப்ட் வேலைக்குப் போனார்கள். அவர்கள் கையில் அவர்கள் பெயரிலேயே சம்பளம். இதைப் படங்களைவிட நகைக்கடைகளும் புடவைக்கடைகளும் முன்பே கண்டுகொண்டன என்பது என் எண்ணம்.

வீடியோ டெக் வந்தபோது அதை வாங்க வங்கி கடன் தராது. கைகொடுத்தது சீட்டு போன்ற கூட்டுப் பணம். பத்துப் பேர், மாதம் ஆளுக்கு 100 வெள்ளி, மொத்தம் 1,000. அவசரமாகத் தேவைப்படுபவர் தொகையைக் குறைத்து, தள்ளிக் கேட்பார். 850-க்கு எடுத்தால் மீதி 150 மற்றவர்களுக்குப் பிரியும். கடைசியில் எடுப்பவருக்கு லாபம், முதலில் எடுப்பவருக்கு டெக். சிக்கல் எங்கே வரும் என்றால், முதலில் எடுத்தவர் நான்காம் மாதம் வீடு மாறிப் போய்விடுவார். லயத்தில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். புறம்போக்கு வீட்டுக்கும் அடுக்குமாடிக்கும் வந்தபின் அந்தப் பிடி தளர்ந்தது. கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்யக்கூடாது என்று 1971-லேயே சட்டம் இருக்கிறது. ஏமாந்தவர் போலீசுக்குப் போகத் தயங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

1996-இல் கட்டணத் தொலைக்காட்சியான ஆஸ்ட்ரோவும் அதன் தமிழ் அலைவரிசையான வானவில்லும் வந்தன. மாதக் கட்டணம் கட்ட நிலையான முகவரியும் மாதச் சம்பளமும் வேண்டும். தட்டு வைத்த வீடு என்றால் அந்த வீட்டில் ஒருவராவது மாதச் சம்பளக்காரர்.

இன்றைய டிக்கெட்டுக்கு வருவோம். கணக்குக்கு 20 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். கேளிக்கை வரி நெடுங்காலம் 25 சதவீதம்; வரி சேராத 16 வெள்ளிமேல் அந்த விகிதத்தில் 4 வெள்ளி வரிக்குப் போகும். மீதி 16-ஐத் தியேட்டரும் விநியோகஸ்தரும் பாதிப் பாதியாகப் பிரித்தால் ஆளுக்கு 8. பெரிய நட்சத்திரப் படத்துக்கு விநியோகஸ்தர் சென்னைக்கு 8 லட்சம் வெள்ளி உத்தரவாதத் தொகை கொடுத்திருந்தால், போட்ட பணம் திரும்பவே 1 லட்சம் டிக்கெட் விற்க வேண்டும். விளம்பரச் செலவு தனி. இந்த நாட்டில் இந்தியர்கள் ஏறக்குறைய 20 லட்சம் பேர். இருபது பேரில் ஒருவர் தியேட்டருக்கு வந்தால்தான் போட்ட முதல் கைக்கு வரும். முதல் வாரம் இருக்கிற ஆட்டத்தையெல்லாம் ஒரே படம் அள்ளிக்கொள்வது ஏன் என்று இப்போது புரியும்.

பார்க்கிறவர் பக்கமும் கணக்கு இருக்கிறது. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. 26 நாளால் வகுத்தால் நாளுக்கு 65 வெள்ளி சொச்சம். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு டிக்கெட் மட்டும் 100 வெள்ளி, அதாவது ஒன்றரை நாள் உழைப்பு. பாப்கார்ன், டோல், பார்க்கிங் எல்லாம் அதற்கு மேல். மாதத்துக்கு ஒரு படம்தான் முடியும் என்றால் அந்தக் குடும்பம் எதைத் தேர்ந்தெடுக்கும்?

இதில் அடிபடுவது உள்ளூர்ப் படம். தோட்டத்தை விட்டு வந்த குடும்பத்தின் கதையைச் சொன்ன 'ஜகாட்' 2015-இல் வெளிவந்தது. மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. இப்படிப்பட்ட கதையைச் சென்னையிலிருந்து யாரும் எடுத்து அனுப்பப்போவதில்லை. ஆனால் தியேட்டர்க்காரருக்கு நாற்காலி நிறைய வேண்டும். உள்ளூர்ப் படத்துக்குக் கிடைப்பது வேலை நாள் காலை ஆட்டம்.

உள்ளூர்த் தயாரிப்பாளர்களுக்கு ஒரு யோசனை. சென்னைப் படத்தின் தேதியைப் பொங்கலும் தீபாவளியும் முடிவு செய்கின்றன; கோலாலம்பூர் விநியோகஸ்தர் அதை மாற்ற முடியாது. உங்களால் முடியும். சட்டப்படி அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்பதால் முதல் வாரம் கையில் காசு இருக்கும். இருபது தேதிக்கு மேல் வீட்டு வாடகையும் கார் தவணையும் போய், மிச்சம் மளிகைக்குத்தான். வழக்கமாக வியாழக்கிழமைதான் புதுப்படம் வெளியாகிறது. மாதத்தின் முதல் வியாழனைப் பிடியுங்கள். அந்த வாரம் பெரிய படம் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, சங்கங்களிடமும் ஆலயங்களிடமும் பேசி முழு அரங்கையும் முன்பணத்தோடு எடுக்கச் சொல்லுங்கள். முதல் மூன்று நாள் நாற்காலி நிறைந்தால்தான் இரண்டாம் வாரத்துக்கு மாலை ஆட்டம் கேட்க முடியும்.

நன்றி, வணக்கம்.